சட்டைக்குப் பழிவாங்கிய பூச்சி

என் வீட்டு மகாராணிக்கு,

நான் நலம். உன் முட்டிவலி தேவலையா?

நீ தைத்துத் தந்த நீல ஆரஞ்சுச் சட்டையைப் பார்த்து, "என்னய்யா, சர்க்கஸ்ல சேர்ந்துட்டியா?" என்று சூப்பர்வைசர் சிரித்தாரே, மூன்று வாரம் கறுவிக்கொண்டிருந்தேன். நேற்று முதலாளி வரும் நேரத்தில், அதே நிறத்தில் பகலில் பறக்கும் ஒரு அந்துப்பூச்சி சூப்பர்வைசருடைய வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்தது. அழுத்தினால் அது நாற்றமடிக்கும் மஞ்சள் நுரை கக்கும். நாற்றுப் பண்ணையில் செடியோடு கிடப்பவனுக்குத் தெரியாதா?

"பட்டாம்பூச்சிதான் சார், நல்லா அமுக்கிப் பிடிங்க" என்றேன். பிடித்தார். பூச்சி தப்பியது, அவர் தப்பவில்லை.

நான் போட்டிருந்த அதே நீல ஆரஞ்சுச் சட்டையைக் கெஞ்சி வாங்கிப் போட்டுக்கொண்டுதான் முதலாளி முன்னால் நின்றார். ஓட்டைப் பனியனோடு நான் கண்குளிரப் பார்த்தேன்.

துவைத்துத் திருப்பித் தந்துவிட்டார். நம் பெட்டி வாசனைதான் போய்விட்டது. உன் பழைய புடவைத் துண்டு ஒன்று அனுப்பு, மடிப்புக்குள் வைக்க. செடி ஏற்ற வந்த வண்டி ஹாரன் அடிக்கிறது, முடிக்கிறேன்.

உன்
சர்க்கஸ்காரன்