துரைக்குக் கொடுக்காத குளிசைகள்

அண்ணை,

போன செவ்வாய்க்கிழமை நோர்பரியில் தேயிலை வாங்கக் கடைக்குப் போனேன். உள்ளே ஒரு தட்டில் அந்தப் பெட்டி இருந்தது. துரைக்கு நாங்கள் வாங்கிவந்த அதே உலர்ந்த தீனி, அதே மஞ்சள் பெட்டி, அதே பூனைப் படம்.

முதலில் ஒரு நல்ல செய்தி சொல்கிறேன். எனக்கு இப்போது எழுத்துத் தெரியும். வாசிகசாலையில் வயதானவர்களுக்கு ஒரு வகுப்பு நடக்கிறது. ஒரு வருடமாகத் தமிழும் கொஞ்சம் ஆங்கிலமும் படிக்கிறேன். கண்ணில் படும் எதையும் இப்போது சும்மா விடுவதில்லை. பஸ்ஸின் நெற்றி, பால் போத்தல், பக்கத்து வீட்டுக்காரரின் கேற், எல்லாவற்றையும் வாசிக்கிறேன். பஸ்ஸில் ஒரு பெயரை வாசித்து முடிப்பதற்குள் பஸ் போய்விடும். அதற்கும் சிரித்துக்கொண்டு நிற்பேன். இந்த மடலும் நானே எழுதுவதுதான். ஒரு பக்கத்துக்கு இரண்டு நாள் ஆகிறது.

அந்தச் சந்தோஷத்தில்தான் பெட்டியை எடுத்துப் பின்பக்கத்தில் இருந்த சின்ன எழுத்துகளைக் கூட்டினேன். மீன் என்று இருந்தது. பெட்டியைத் திரும்ப வைத்தேன். தேயிலை வாங்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மீன் என்று வாசித்ததற்கு ஏன் இவ்வளவு கலக்கம் என்று உங்களுக்கு விளங்காது. நான் உங்களிடம் மறைத்தது அது.

கீழ்வீட்டு வெள்ளைக்காரக் கிழவியை முதியோர் இல்லத்துக்கு ஏற்றிய அன்று, அவர் பூனையை உங்கள் கையில் தந்துவிட்டு அழுதார். பால் வெள்ளை நிறம், அப்போதே பத்து வயது. நீங்கள்தான் துரை என்று பெயர் வைத்தீர்கள். "கறுத்த ஆக்கள் ரண்டு பேருக்கு நடுவிலை ஒரு வெள்ளைக்காரன். அவன் சொல்லுறதைத்தான் நாங்கள் கேக்கவேணும்" என்றீர்கள். அப்படித்தான் நடந்தது. நீங்கள் பெற்றோல் ஷெட் வேலை முடித்து வந்து உட்கார்ந்தால் துரை மடியில் ஏறுவான். அவனுக்கு மேலே பலகையை வைத்துத்தான் நீங்கள் எனக்காகக் கடிதம் எழுதுவீர்கள்.

ஊரில் இருந்த என் மனைவிக்குப் போன கடிதம் எல்லாம் உங்கள் கையெழுத்து. நான் சொல்லச் சொல்ல எழுதுவீர்கள். ஒருமுறை, இங்கே குளிரே இல்லை, எனக்கு நல்ல வேலை என்று எழுதச் சொன்னேன். பேனையைக் கீழே வைத்தீர்கள்.

"எடேய், நேற்றுக் கோப்பை கழுவிக் கழுவிக் கை வெடிச்சுப் போச்செண்டு அழுதனி. பொய்யைச் சொல்லுறதெண்டால் நீயே எழுது. இது என்ரை கையெழுத்து."

பிறகு இருவருமாக யோசித்து, கை வெடித்தது, இப்போது பரவாயில்லை என்று எழுதினோம். எழுதி முடித்ததும் உரக்க வாசிப்பீர்கள். ஒவ்வொரு முறையும், "பொய் ஏதும் கிடக்கோ?" என்று கேட்பீர்கள்.

துரைக்குப் பதினான்கு வயதானபோது, தலையை ஒரு பக்கம் சரித்து மெல்லத் தொடங்கினான். வாயிலிருந்து தீனி விழும். பசியோடு கோப்பைக்கு ஓடி வருவான், ஒரு வாய் வைத்ததும் சீறிக்கொண்டு பின்வாங்குவான். வாய் நாறியது. கொட்டாவி விடும்போது பார்த்தீர்கள், பல் முரசு முழுக்கச் சிவந்திருந்தது. பழைய வேட்டிக் கரையைக் கிழித்து விரலில் சுற்றி அவன் பல்லைத் துடைக்கப் பார்த்தீர்கள். நான் துவாயால் அவனைச் சுற்றிப் பிடித்திருந்தேன். அவன் கடித்தது என்னை. "உன்னைத்தான் கடிக்க லேசு எண்டு அவனுக்குத் தெரியும்" என்று விழுந்து விழுந்து சிரித்தீர்கள். இரண்டு நாளில் அவன் கண்ணுக்குக் கீழே வீங்கியது. அதோடு சிரிப்பு நின்றது.

மிருக வைத்தியர் சொன்னதை நீங்கள் எனக்குத் தமிழில் சொன்னீர்கள். பல்லின் வேரில் சீழ் கட்டியிருக்கிறது. பழுதான பற்களைப் பிடுங்கவேண்டும். ஆனால் வயதுபோன பூனை, இரத்தத்தைப் பார்த்ததில் சிறுநீரகமும் பலவீனம். மயக்க மருந்து தாங்குமோ தெரியாது. ஆகையால் முதலில் இரண்டு கிழமைக்குப் பதினான்கு குளிசை, காலையில் அரை, மாலையில் அரை. கிருமி அடங்கிய பிறகு பல்லைப் பார்ப்போம். நன்றாகச் சாப்பிடுகிறான் என்று இடையில் நிறுத்தக் கூடாது. அந்தக் கடைசி வசனத்தை மட்டும் இரண்டு தரம் சொன்னீர்கள்.

டின் மீனை மசித்து நடுவில் குளிசையை வைத்தால்தான் விழுங்குவான். நாலு நாள் நீங்கள் கொடுத்தீர்கள். ஐந்தாம் நாள் உங்களை இருதய ஒப்பரேஷனுக்கு ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லிவிட்டார்கள். படிக்கட்டில் பையோடு நின்று, "என்னைப் பாக்க வராட்டிலும் பரவாயில்லை. அவன்ரை குளிசை தவறக் கூடாது" என்றீர்கள்.

நாலு நாள் நானும் கொடுத்தேன். வீக்கம் வற்றியது. அதற்குள் கந்தசஷ்டி வந்தது. உங்களைப் பார்க்க வந்தபோது மூக்கிலும் நெஞ்சிலும் குழாய், கண் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து முருகன் படத்துக்கு முன்னால் நின்று, ஆறு நாளும் விரதம் இருக்கிறேன், அண்ணையைத் திருப்பித் தா என்று நேர்ந்தேன். வீடு கழுவினேன். மீன் டின்களை வெளியே கொடுத்துவிட்டேன். மீன் மச்சம் வீட்டுக்குள் வந்தால் நேர்த்தி பலிக்காது என்று பயம்.

குளிசையைத் தயிர்ச் சோற்றில் வைத்தேன். சுற்றிவர நக்கிவிட்டுக் குளிசையை விட்டுவிட்டான். வாயைத் திறந்து வைக்கப் பார்த்தேன். நோவில் அவன் போட்ட சத்தத்தில் கையை எடுத்துவிட்டேன். பெட்டித் தீனியை வெந்நீரில் ஊறவைத்துப் போட்டேன், சாப்பிட்டான். அதில் எனக்கு மாவு வாசம்தான் வந்தது. ஆறு நாள்தானே, சூரன்போர் முடிய மீன் வாங்கலாம் என்று இருந்துவிட்டேன்.

ஏழாம் நாள் நீங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். அன்று காலை பார்க்கிறேன், துரையின் கண்ணுக்குக் கீழே மறுபடி வீக்கம். மிஞ்சிய ஆறு குளிசையையும் கழிப்பறையில் போட்டுத் தண்ணீரை இழுத்தேன்.

நெஞ்சுக் காயத்தைக் கையால் பொத்திக்கொண்டு வைத்தியரிடம் வந்தீர்கள். அவர் ஏதோ கேட்டார். நீங்கள் என் பக்கம் திரும்பினீர்கள்.

"முழுக் குளிசையும் குடுத்தனியோ?"

"ஓமண்ணை. ஒரு நேரமும் விடேல்லை."

அதை நீங்கள் ஆங்கிலத்தில் வைத்தியருக்குச் சொன்னீர்கள். பொய் எழுத மாட்டேன் என்ற உங்கள் வாயால் என் பொய் போனது. அப்படியென்றால் இந்த மருந்து பிடிக்கவில்லை, இனிக் காத்திருக்க முடியாது என்றார் அவர். வேறு மருந்து ஊசியாகப் போட்டு, அந்தக் கிழமையே நாலு பல்லைப் பிடுங்கினார்கள். துரை கண் விழித்தான். பத்து நாள் மசித்த தீனியைச் சிந்தாமல் சாப்பிட்டான். பிறகு தண்ணீர் மட்டும் குடித்தான். பிறகு அதுவும் இல்லை. சிறுநீரகம் நின்றுவிட்டது என்றார்கள். உங்கள் மடியில் வைத்துத்தான் கடைசி ஊசி போட்டார்கள்.

அந்த ஆறு நாளால்தான் போனான் என்று வைத்தியர் சொல்லவில்லை. அவருக்கு அந்த ஆறு நாளைப் பற்றித் தெரியாதே. குளிசை முழுக்கப் போயிருந்தால் பல் ஒப்பரேஷனுக்கு அவசரப்பட்டிருக்க மாட்டார்கள். அதற்கு மேல் எனக்கும் தெரியாது.

வெறும் துவாயோடு பஸ்ஸில் வந்தோம். "நான் ஆஸ்பத்திரியிலை போய்க் கிடந்ததாலைதான். நான் நிண்டிருந்தால் வேளைக்குக் கண்டிருப்பன்" என்றீர்கள். நான் யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சொன்னால், உங்கள் உயிருக்காக அவன் குளிசையை நிறுத்தினேன் என்று ஆகிவிடும். அதை உங்கள் தலையில் எப்படி வைப்பது? அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் அதைவிடப் பயம்தான் கூட.

பிறகு இரண்டு மாரிகாலம் இருந்தீர்கள். துரையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அதே வார்த்தை. "என்ரை பிழை." ஒவ்வொரு முறையும் நான் சும்மா இருந்தேன். நீங்கள் கண்மூடிய பிறகு இதை யாரிடமாவது சொல்லி எழுதுவிக்கலாம் என்று நினைத்ததுண்டு. என் கடிதம் எழுதிய ஆள் நீங்கள்தானே. வேறு யாரிடம் போய் இதைச் சொல்ல?

நான் கழுவித் துடைத்து விரதம் காத்த ஆறு நாளும் அந்த வீட்டில் மீன் இருந்திருக்கிறது, அண்ணை. என் கையாலேயே ஊறவைத்துப் போட்டிருக்கிறேன். அப்படியிருந்தும் நீங்கள் திரும்பி வந்தீர்கள். அப்படியானால் ஒரு டின்னைத் திறந்து குளிசையையும் வைத்திருக்கலாம்.

இன்றைக்கும் டின் மீன் திறந்தால் முதல் கரண்டியைத் தட்டின் ஓரத்தில் வைத்து மசித்து, நடுவில் விரலால் ஒரு குழி அழுத்துகிறேன். கை தானாகச் செய்கிறது. அதைக் கடைசியாகத்தான் சாப்பிடுவேன்.

எழுதி முடித்ததும் உங்களைப் போல உரக்க வாசித்துப் பார்த்தேன். எழுத்துப் பிழை இருக்கும். துரை போனது உங்கள் பிழையில்லை. குளிசை கொடுக்காதது நான், கொடுத்தேன் என்று சொன்னதும் நான். வேறு பொய் ஏதும் கிடக்கோ என்று தேடினேன். இல்லை, அண்ணை. இது என்ரை கையெழுத்து.