ஒலிபெருக்கியில் ஒட்டிய நோட்டு

இபாடான்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் மொராயோவுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவன் புண்ணியத்தில் நாங்கள் சுகம்; உன் அப்பாவின் முழங்காலும் வாயும் மட்டும் வழக்கம்போல. லண்டன் குளிரில் நீ சுகமாக இருக்கிறாயா? வெறுங்காலோடு மேடையேறிப் பாடுகிறாயாம். வீடியோ பார்த்த பாதிரியார் மனைவி, பாவம் பிள்ளைக்குச் செருப்பு வாங்க வழியில்லையா என்று கேட்டாள். அதுதான் இப்போது நாகரிகம் என்று சொல்லி வாயை அடைத்தேன். ஒரு காலுறையாவது போட்டுக்கொள், தாயே. யொரூபா வரிகளை எடுத்துவிட்டு ஆங்கிலத்தில் மட்டும் பாடச் சொன்ன பாட்டுக் கம்பெனிக்காரனை, போய்வா என்று நீ அனுப்பிவிட்ட கதையை அப்பாவிடம் சொன்னேன். "பெத்த அப்பன் பேச்சையே கேக்காதவ, அவன் பேச்சையா கேப்பா?" என்றார். திட்டினாரா, பெருமைப்பட்டாரா, எனக்கே புரியவில்லை. நீ வக்கீல் வேலையை உதறிய நாளிலிருந்து அவர் உன் பெயரை வாயில் எடுப்பதில்லை. நீயோ, டிசம்பரில் இங்கே பாடும்போது முதல் வரிசையில் அப்பா இல்லையென்றால் ஊருக்கே வரமாட்டேன் என்று எழுதுகிறாய். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி, அதுதான் என் பிழைப்பு.

இப்போது நடந்ததைக் கேள். நேற்று உன் சிக்கிராட் அத்தைக்கு அறுபதாம் பிறந்தநாள். குடும்பம் முழுக்க ஒரே வெங்காய நிறத் துணி. மண்டபம் சந்தையில் கொட்டிய மூட்டை மாதிரி இருந்தது. வாத்தியக்காரர்கள் அமலாக் களி சாப்பிடப் போன நேரத்தில் உன் புதுப் பாட்டை ஒலிபெருக்கியில் போட்டுவிட்டார்கள். அத்தை வேலைதான், வேறு யார். நீ ஆங்கிலத்தில் உருகியவரை அப்பா கையைக் கட்டிக்கொண்டு கூரையைப் பார்த்தார். பிறகு யொரூபாவில் அவருடைய வம்சப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாயே, "அக்கான்னி, யானை வம்சத்துப் பிள்ளையே" என்று! அந்தப் பெயர் காதில் விழுந்த பிறகு நம் ஆண்பிள்ளை எவனுக்கு உட்காரத் தெரியும்? முழங்காலை மறந்து எழுந்தார். அங்கியின் கைகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு ஆடிக்கொண்டே போனார். நம் வழக்கப்படி பாடுகிறவள் நெற்றி வியர்வையில் ஒட்டவேண்டிய பண நோட்டை ஒலிபெருக்கியில் ஒட்டினார். வேர்க்காத பெட்டியில் நோட்டு எப்படி நிற்கும்? விழுந்தது. தன் நெற்றி வியர்வையை வழித்துப் பெட்டியில் தடவி மறுபடியும் ஒட்டினார்! அந்த நேரம் பார்த்து ஜெனரேட்டர் நின்றுபோனது. நோட்டும் கையுமாக நின்றவர், "எவன்டா பெட்ரோல் ஊத்தாதவன்? என் பொண்ணு பாதிப் பாட்டுல நிக்கிறாடா!" என்று கத்தினார். "யார் பொண்ணு, அண்ணே?" என்று அத்தை கேட்டாள். "பெட்டியில தூசி இருந்துச்சு, தொடைச்சேன்" என்றார் மனுஷன். சிரித்துச் சிரித்து என் தலைக்கட்டு அவிழ்ந்துவிட்டது. வீட்டுக்கு வந்து உள்ளே போய் நான் கொஞ்சம் அழுதேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆண்டவன் உன் தொண்டையைக் காக்கட்டும். நீ போகிற இடத்துக்கெல்லாம் உனக்கு முன்னால் நல்லது போய் நிற்கட்டும். வெந்நீர் குடிக்க மறக்காதே. கீழே விழுந்த அந்த நோட்டை அப்பா கைக்குட்டையில் முடிந்து வைத்திருக்கிறார். பிள்ளைக்கு அனுப்பிவிடட்டுமா என்று இப்போதுதான் கேட்டேன். என் முகத்தைப் பார்க்காமலே பதில் சொன்னார்: "ஒண்ணும் அனுப்ப வேண்டாம். நெத்தியை எடுத்துக்கிட்டு வரச் சொல்லு."

உன் அம்மா,
அபேக்கே