கேஸ் மீட்டர் இடம் மாறிய வாரம்

ஜூன் 10, செவ்வாய்

எட்டு மணிக்கே வெயில் சுள்ளென்று. லீவில் இரண்டாம் நாள். சமையலறையைச் சந்துப் பக்கம் நான்கு அடி நீட்டுகிறோம். பாதிச் சுவர் இடித்தாகிவிட்டது, இப்போதைக்குத் தார்ப்பாய்தான் மறைப்பு. மீதிச் சுவரில் கேஸ் மீட்டர். அதை வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் மாற்ற வேண்டும். மனு கொடுத்து இரண்டு வாரம். இன்றைக்குத்தான் வந்தார்கள், கேஸ் கம்பெனி ஆட்கள் இரண்டு பேர்.

பழைய இடத்தில் கழற்றி, கேட்டோரம் பெட்டி மாட்டி, அங்கிருந்து சந்து வழியாக அடுப்புக்குப் புதுக் குழாய். ஒவ்வொரு மூட்டிலும் சோப்புத் தண்ணீர் தடவி, நுரை கிளம்புகிறதா என்று பார்த்தார்கள். இல்லை. சுத்தமான வேலை. கையெழுத்து வாங்கும்போது மூத்தவர் பெட்டியைக் காட்டிச் சொன்னார்: "எதுனா வாசனை வந்தா முதல்ல இந்த வால்வ மூடிடுங்க சார். அப்பறம் போன் பண்ணுங்க."

தலையாட்டினேன்.

எனக்கு வாசனை தெரிந்து மூன்று வருடம் ஆகிறது. ஒரு காய்ச்சலோடு போனது, திரும்பி வரவில்லை. மனைவி வசந்திக்குக்கூடத் தெரியாது. யாருக்குமே தெரியாது. வந்துவிடும், வந்துவிடும் என்று இருந்தேன். பிறகு சொல்லும் நாள் தாண்டிவிட்டது. அவள் ரசம் இறக்கும்போது "வாசனை தெருவரைக்கும் போவுது" என்பேன். மறைத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. எங்கள் பீங்கான் பேக்டரியில் சூளை எரிவது கேஸில். கேஸ் வாசனை தெரியாதவனைச் சூளை சூப்பர்வைசராக வைத்திருப்பார்களா?

வாங்க வேண்டியது: சுவிட்சுப் பெட்டி 2, மணல் சல்லடை, வ.வுக்குத் தலைவலித் தைலம்.

ஜூன் 11, புதன்

இன்று நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

காலை ஆறே முக்காலுக்கு வசந்தி கிளம்பிவிட்டாள். சேத்தியாத்தோப்பு பஸ், பள்ளிக்கூடம். மேஸ்திரி ஏழுமலை வந்தார். கூட சித்தாள் அஞ்சலை. கருவேப்பிலங்குறிச்சிக்காரி, நாற்பது நாற்பத்தைந்து வயது இருக்கும். கரண்டு பைப்பு பதிக்க, சந்துச் சுவரில் மிஷின் போட்டு வெட்டினார் மேஸ்திரி. வீடே அதிர்ந்தது. மூன்று மணிக்கு சிமெண்டு சொல்லிவர ஜங்ஷன் பக்கம் போனார்.

அஞ்சலை வாசலுக்கு வந்தாள். "சார், சந்துல என்னமோ நாறுதுங்க. கேஸு மாதிரி இருக்குது."

போனேன். இரண்டு தரம் மூச்சை நன்றாக இழுத்தேன். இழுத்துக் காட்டினேன் என்றுதான் எழுத வேண்டும். "ஒண்ணும் இல்ல. பெயிண்டு."

"பெயிண்டு இன்னும் அடிக்கவே இல்லீங்களே?"

"பக்கத்து வூட்டுல அடிப்பாங்க. போய் வேலையப் பாரு."

பத்து நிமிடத்தில் மறுபடி. "தல சுத்துற மாதிரி இருக்குது சார். இன்னொரு வாட்டி நல்லா பாருங்க."

"வேலை செய்ய இஷ்டமில்லன்னா நேரா சொல்லு. கதை வுடாத. நேத்துதான் கம்பெனி ஆளுங்க பாத்துட்டுப் போனாங்க."

அஞ்சலை கலவைப் பாண்டைக் கீழே வைத்தாள், சும்மாட்டை அவிழ்த்து உதறினாள், தெருவில் போய் உட்கார்ந்துகொண்டாள். மேஸ்திரி திரும்பியதும் கேட்டிலேயே நிறுத்திச் சொன்னேன்: "நாளைலேர்ந்து இந்தம்மா வேணாம்." அவர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சாமான்களை அப்படியே போட்டுவிட்டு இருவரும் கிளம்பினார்கள்.

ஐந்தரை. டீ போடலாம் என்று பாலை அடுப்பில் வைத்தேன். கையில் லைட்டர். கேட்டிலிருந்து வசந்தியின் குரல்: "ஏங்க! கேஸு! எதையும் தொடாதீங்க!"

பையைத் தெருவிலேயே போட்டுவிட்டு அவளே வால்வை மூடினாள். ஓடி வந்து லைட்டரைப் பிடுங்கினாள். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே.

அரைமணி நேரத்தில் நேற்று வந்த இருவரும். மிஷின் அதிர்வில் சந்து மூட்டு ஒன்று நெகிழ்ந்திருக்கிறது. மூத்தவர் கேட்டார்: "இவ்ளோ வாசனை. உங்களுக்கு வரலையா சார்?"

"முன் ரூம்ல இருந்தேன். கதவு சாத்தியிருந்துது."

எவ்வளவு சுலபமாக வந்தது அந்தப் பொய்.

ஜூன் 12, வியாழன்

மேகம் மட்டும். மழை இல்லை. வ. லீவு போட்டுவிட்டாள். மேஸ்திரி வந்ததும் பிடித்துக்கொண்டாள்.

"மிஷின் போடும்போது பைப்பு இருக்கறத பாக்க மாட்டீங்களா? வூடு இருந்திருக்குமா இன்னிக்கு?"

"தப்புதான் டீச்சர். நான் பாத்திருக்கணும்." கொஞ்சம் தயங்கினார். "ஆனா அஞ்சலை ரெண்டு வாட்டி சொல்லிச்சாம். சாரு மோந்து பாத்துட்டு ஒண்ணுமில்லன்னுட்டாராம்."

வ. என் பக்கம் திரும்பினாள். நான் தார்ப்பாயின் முடிச்சை அவிழ்த்து மறுபடி கட்டினேன்.

மாலை சொல்லிவிட்டேன். காய்ச்சலிலிருந்து லைட்டர் வரை. அவள் கத்துவாள் என்று நினைத்தேன், கத்தவில்லை. இட்லியைத் தட்டில் வைத்துக்கொண்டே கேட்டாள்: "அப்போ மூணு வருஷமா என் ரசத்தப் பத்தி சொன்னதெல்லாம்?"



எழுந்து போகும்போது, "உங்க உசுரயும் என் உசுரயும் காப்பாத்தப் பாத்த பொம்பளைய வேலைய வுட்டு அனுப்பிட்டு வந்து நின்னிருக்கீங்க."

இட்லி அப்படியே ஆறிக் கிடந்தது. இருவரும் சாப்பிடவில்லை.

ஜூன் 13, வெள்ளி

லீவு இருந்தும் பேக்டரிக்குப் போனேன். மேனேஜர் என்னைவிட இருபது வயது சின்னவர். எழுதிக்கொண்டுபோன தாளைக் கொடுத்தேன்.

"எப்பலேர்ந்து சார்?"

"மூணு வருஷம்."

பேனாவை மூடி வைத்தார். "சூளைகிட்ட எட்டு பேரு நிக்கிறாங்க. உங்கள நம்பித்தானே சார் நிக்கிறாங்க."

அதற்குமேல் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். எட்டுப் பேர் வீட்டு விசேஷத்திலும் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டவன் நான். திங்கள் முதல் பேக்கிங் செக்ஷன்.

மூக்கு டாக்டர்: கடலூர், புதன் கா. 10. வ. போனில் சொல்லி வைத்திருக்கிறாள். அவளும் வருகிறாளாம்.

நேற்று மாலையிலிருந்து அதிகம் பேசாதவள் இன்று ஒன்று கேட்டாள்: "அஞ்சலைய பாத்தீங்களா?"

இல்லை. மனைவியிடம் சொல்ல முடிந்தது. மேனேஜரிடம் சொல்ல முடிந்தது. முதலில் போயிருக்க வேண்டிய இடத்துக்குத்தான் கால் வரவில்லை. அவளைக் கடைசியில் வைத்திருக்கிறேன் என்பதே இப்போதுதான் உறைக்கிறது.

ஜூன் 14, சனி

விடிகாலை தூறல். பால்காரர் வரவில்லை. மேஸ்திரியிடம் இடம் கேட்டுக்கொண்டு போனேன். பழமலைநாதர் கோயிலுக்குப் பின்னால் ஒரு வீட்டில் மாடி எழும்புகிறது. அஞ்சலை கீழே கலவை அள்ளிக்கொண்டிருந்தார். சுற்றி நாலைந்து பேர். தனியாகக் கூப்பிடலாமா என்று ஒரு நிமிடம் நினைத்தேன். வேண்டாம்.

"எனக்கு வாசனையே தெரியாதும்மா. மூணு வருஷமா. அத வெளிய சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு, உங்க மேல பழியப் போட்டுட்டேன். நீங்க சொன்னதுதான் நெசம். மன்னிச்சுக்குங்க."

எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டார்கள். அஞ்சலை நிமிர்ந்து பார்த்தார். கோபமாகக்கூட இல்லை.

"மூக்கு தெரியலன்னா அது நோவு சார். யாருக்கு வேணாலும் வரும். அதுக்கு எதுக்கு மன்னிப்பு?" கையில் ஒட்டியிருந்த கலவையை வழித்துப் போட்டார். "நான் சொன்னது உங்க காதுல வுழுந்துதுல்ல?"

"வுழுந்துது."

"ரெண்டு வாட்டியும்?"

"ரெண்டு வாட்டியும்."

"அப்பறம் என்னாங்க?"

பதில் எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். அதே வார்த்தையை மேனேஜரோ பக்கத்து வீட்டு வாத்தியாரோ சொல்லியிருந்தால் வால்வை மூடியிருப்பேன்.

"நம்ம வூட்டு வேலைக்குத் திரும்ப வாங்க" என்றேன்.

"இங்க மாடி முடியவே ஆடி ஆயிடும் சார்."

பாண்டைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டார். நான் படிக்கட்டை மறித்துக்கொண்டு நிற்பது அப்போதும் எனக்குப் புரியவில்லை.

"வழி வுடுங்க. கலவ காயுது."

ஒதுங்கினேன்.