உறையவைத்த அவரைக்காய்

அன்புள்ள நல்லம்மாளுக்கு,

நான் சுகம். உன் முட்டிவலி தேவலையா?

பினாங்கில் நான் சமைக்கும் வீட்டில் ஒரு கூத்து. மதியம் தூங்கும் ஆசையில் ஒரு வாரத்துக் காய்கறியை மொத்தமாக நறுக்கி, வெந்நீரில் முக்கியெடுத்து, பொட்டலங்களாக உறையவைத்தேன். முட்டை அவிக்கக்கூடத் தெரியாத முதலாளியம்மா புஷ்பராணி எட்டிப் பார்த்தார்.

"இவ்ளோ ஈஸியா அண்ணே? இனி நானே சட்டியில போட்டுக்குவேன்லா. மாசக் கடைசியில நீங்க ஊருக்குப் போயிடுங்க."

நான் வேடிக்கையென்று சிரித்தேன்.

"போறதுக்கு முன்னாடி ஃப்ரீசர ரொப்பிடுங்க. தீபாவளி வரைக்கும் வரணும்."

தன் வேலைக்குத் தானே உலைவைத்த சமையல்காரன் உன் புருஷன்தான். உன் அண்ணன் ஹோட்டலில் இலையெடுக்க ஆள் வேண்டுமா என்று கேள், எனக்கென்று சொல்லாதே. போனில் அவரிடம் கொஞ்சம் அதிகநேரம் ஊர்க்கதை பேசிவிட்டு, பேச்சோடு பேச்சாகக் கேள்.

அவசரம். அவரைக்காய் இன்னும் ஒரு கூடை கிடக்கிறது.

உன்
பக்கிரிசாமி