புளிக்காத மாவு

வண்டிப்பெரியார்
மார்கழி, 1931

அன்புள்ள ராமுத்தாய்க்குச் சந்தனம் எழுதுவது. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் இருமல் விட்டதா?

தேயிலை விலை விழுந்து, தோட்டத்தில் ஆள் குறைத்துவிட்டார்கள். பயப்படாதே, பாதையோரம் பணியாரக் கடை போட்டிருக்கிறேன். நம் ஊர் நினைப்பில் ராத்திரி மாவாட்டி வைத்தேன். இந்த மலைக்குளிரில் புளிக்கவேயில்லை. முதல் போணி, கூட வேலை பார்த்த மொக்கையன் அண்ணன். "என்னப்பா, பணியாரமா கூழாங்கல்லா?" என்று கேட்டபடியே தின்று தீர்த்தார்.

இப்போது என் ஒரே கம்பளியை மாவுப் பானைக்குப் போர்த்துகிறேன். கொழுந்தெடுக்கப் போகிற பெண்கள் விரும்பி வாங்குகிறார்கள். "எந்திரிச்சு வந்து பாருங்க, மாவு பொங்கிருச்சு" என்று அங்கே நீ எழுப்புவாயே, அதுதான் இல்லை.

இதைக் கொண்டுவரும் வண்டிக்காரரிடமே உன் பழைய சேலை ஒன்று கொடுத்தனுப்பு. பானைக்குச் சுற்றத்தான். வண்டி பூட்டிவிட்டார், முடிக்கிறேன்.

சேலையைத் துவைக்க வேண்டாம்.

சந்தனம்