ஓடைக்கு அப்பால் அறுபத்து மூன்று புழுக்கள்

ஜூலை 21
காட்டுத் தீ ஊருக்குள் வராமல் தடுக்க, மலைச்சரிவில் ஒரு பட்டை முழுக்கப் புதரை வெட்டுகிறோம். இன்று பாதியில் இயந்திரத்தை அணைத்தேன். இளம் ஓக் இலையடியில் விரல் நீளப் பச்சைப் புழு. வாலில் ஒரு கொம்பு. பக்கத்துக் கிளையிலும் ஒன்று. குழுத் தலைவர் அமான்சியோ கத்தினார்: "காசில்டா, புழுவுக்கு ஞானஸ்நானம் பண்றியா? வெட்டும்மா!"

ஜூலை 22
புழுவின் படத்தை நகரத்து அருங்காட்சியகத்துக்கு அனுப்பியிருந்தேன். பதில் வந்தது. ஓக் இலை தின்னும் பருந்து அந்துப்பூச்சியின் புழுவாம். எங்கள் மலையில் முப்பது வருடமாக யார் கண்ணிலும் படாதது.

பட்டை வெட்டுவதைத் தள்ளிப் போடலாமா என்று அமான்சியோவிடம் கேட்டேன். "தள்ளினா கீழ இருக்கிற வீடுகளை யார் காப்பாத்துறது? உன் புழுவா?"

அவர் சொல்வது சரிதான். இரண்டு வருடம் முன்பு என் தம்பி எல்பிடியோவின் ஆட்டுப்பட்டி எரிந்ததே.

வெட்டத்தான் வேண்டும். அதற்குமுன் நான் எடுத்துவிட வேண்டும். மீதிப் பட்டையை முடித்து அந்த ஓக் புதர்களுக்கு வர மூன்று நாள் இருக்கிறது.

ஜூலை 24
வேலை முடிந்ததும் புதர் புதராகத் தேடல். புழுவை இழுத்தால் பிடியை விடாது. கிளையோடு நறுக்கி, தக்காளிக் கூடையில் சுமந்து, ஓடைக்கு அப்பாலுள்ள ஓக் புதர்களில் கட்டுகிறேன். நாற்பத்தொன்று. கையெல்லாம் கீறல்.

எல்பிடியோ வழியில் பார்த்தான். "என் ஆடு எரிஞ்சப்போ இப்படிக் கூடையைத் தூக்கிட்டு ஓடி வந்தியா அக்கா?"

வந்தேன்டா. தீன்னு போலீஸ் ரோட்டை மறிச்சுட்டாங்க. அவனிடம் சொல்ல வாய் வரவில்லை.

ஜூலை 25
அறுபத்து மூன்று. நாளை நானே வெட்டுவேன்.

ஆகஸ்ட் 14
ஓடைப் பக்கமிருந்து தீ வந்தது. பட்டையில் நின்றுவிட்டது. ஊர் தப்பியது. சதுக்கத்தில் எல்லாரும் கட்டிப்பிடித்து அழுதார்கள், நானும்.

ஓடைக்கு அப்பால் முழுக்கக் கரி. நான்தானே அங்க கொண்டுபோய் வெச்சேன்? விட்டிருந்தால் — இயந்திரம் அரைத்திருக்கும். ஆனாலும், நான்தானே?

ஆகஸ்ட் 17
முதிர்ந்த புழு மரத்தைவிட்டு இறங்கி மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகுமாம். தோண்டிப் பார்க்காமல் விடமாட்டேன் என்று கிளம்பினேன். "வேரெல்லாம் இன்னும் கனலுது, தனியாப் போகாதே" என்று எல்பிடியோ மண்வெட்டியோடு கூட வந்தான்.

எட்டுப் புதரடியில் ஒன்றுமில்லை. ஒன்பதாவதில், நாலு விரல் ஆழத்தில், கரும்பழுப்பாக ஒன்று. அவன் உள்ளங்கையில் வைத்தேன். நெளிந்தது.

"உசிரு இருக்குக்கா."

மண்ணை மூடும்போது சொல்லிவிட்டேன். "அன்னைக்கு ரோட்டை மறிச்சுட்டாங்கடா."

"தெரியும்" என்றான்.

மார்ச் 3
இந்த வருடம் பட்டை வெட்டுவது இன்றே தொடங்கிவிட்டது. அந்துப்பூச்சி முட்டையிட வருவதற்குள் முடித்துவிடுவோம். அமான்சியோ குளிரில் கையைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். "உன் புழுவால எனக்கு மூக்கு ஒழுகுதும்மா!"