பதினொன்றாவது பாட்டின் ஆரம்பம்

பிப்ரவரி 4

அன்புள்ள அக்காவுக்கு,

நலம்தானே? என் எண்ணைப் பார்த்தால் போனை எடுக்க மாட்டீர்கள் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். கடிதத்தைப் பிரிக்காமல் எறிய உங்களுக்கு மனசு வராது என்று ஒரு நப்பாசை.

ஸ்டூடியோவைக் காலி செய்கிறோம். பழைய ஹார்ட் டிஸ்க் ஒன்றில் உங்கள் தம்பி பாடி, வெளியிடாமல் விட்ட பத்தொன்பது ராப் பாட்டுகள் கிடைத்தன. எல்லாம் இந்த அறையில் நானே பதிவு செய்தவை. பைக் விபத்தில் அவன் போய் இரண்டு வருடம் ஆகியும் ரசிகர்கள் விடுவதாயில்லை. "உளி பாடினது இன்னும் ஏதாவது இருக்கா அண்ணா? ஒரு வரி இருந்தாக்கூடப் போடுங்க" என்று கேட்டு என் உயிரை வாங்குகிறார்கள். அவர்களுக்கு அவன் உளி, நமக்குச் சின்னவன். உங்கள் கையெழுத்து இல்லாமல் ஒன்றையும் வெளியே விட மாட்டேன்.

முன்னும் பின்னும் இருக்கிற அரட்டை, இருமல், சண்டை எல்லாவற்றையும் வெட்டிச் சுத்தம் செய்துதான் கொடுப்பேன். சரி என்று ஒரு வார்த்தை எழுதுங்கள்.

அன்புடன்,
சின்னவனின் ஒலிப்பதிவுக்காரன்

பிப்ரவரி 13

தம்பிக்கு,

எறியவில்லை, பிரித்தேன். அவன் பாட்டு நோட்டில் பாதி உங்கள் கையெழுத்துதானே, கவரைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

வெளியிடுங்கள். அம்மாவுக்குக் கண் மங்கிவிட்டது. இனி அவனைப் படத்தில்கூடச் சரியாகப் பார்க்க முடியாது, குரலையாவது கேட்கட்டும். ஆனால் ஒரு சத்தத்தைக்கூட வெட்டக் கூடாது. இருமினால் இருமல், திட்டினால் திட்டு, எல்லாம் இருக்கட்டும். எனக்குப் பாட்டைவிட அந்தப் பேச்சுதான் வேண்டும்.

உங்களை நம்பிக் கத்தரிக்கோலைக் கொடுக்க எனக்கு மனசில்லை. அப்பா ஆஸ்பத்திரியில் "சின்னவன் வந்துட்டானா?" என்று கேட்டபடி கிடந்த அன்று மூன்று தடவை கூப்பிட்டேன். மூன்றாவது தடவை நீங்கள்தான் எடுத்தீர்கள். "போனை இங்கயே விட்டுட்டுக் கிளம்பிட்டான் அக்கா, எங்க போனான்னு தெரியல" என்றீர்கள். போய்த் தேடக்கூட இல்லை. ஐந்து மணிக்கு அப்பா போய்விட்டார். மறுநாள் காலையில் வந்து நின்ற பிள்ளை, போன் கையில் இல்லாததால் தெரியாமல் போயிற்றே என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதான். அதனால்தான் அப்போதும் சரி, அவன் போனபோதும் சரி, உங்களை எங்கள் வீட்டுப் படி ஏற விடவில்லை. பதினோரு வருடமாகியும் எனக்கு ஆறவில்லை.

கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறேன். 'எதையும் வெட்டக் கூடாது' என்று சிவப்பு மையில் எழுதியிருப்பதைப் பாருங்கள்.

அக்கா

பிப்ரவரி 20

அக்கா,

சிவப்பு மையைப் பார்த்தேன். ஒரே ஒரு வேண்டுகோள். ஒருமுறை நேரில் வந்து கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். எல்லாம் வேண்டாம், பதினொன்றாவது மட்டும். 'அப்பாவின் செருப்பு' என்று பேர். பத்து நிமிடம்தான் ஆகும், டீ போட்டு வைக்கிறேன். இதற்குமேல் கடிதத்தில் எழுத எனக்கு வரவில்லை.

ஒலிப்பதிவுக்காரன்

பிப்ரவரி 26

ஏன், அதில் உங்களைத் திட்டியிருக்கிறானா? திட்டியிருந்தால் ஊரே கேட்கட்டும். நான் வரவும் மாட்டேன், உங்கள் டீயும் வேண்டாம்.

அக்கா

மார்ச் 22

தம்பி,

நீங்கள் வெளியிட்டதில் முதல் ஐந்து பாட்டு கேட்டேன். அதற்கு மேல் அழுகை வந்துவிட்டது, மீதியை மெதுவாகத்தான் கேட்க வேண்டும். மைக் முன்னால் நின்றுகொண்டு "பசிக்குதுடா" என்கிறானே, எங்கள் அடுப்படியில் வந்து நிற்பது மாதிரியே இருந்தது.

கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்து முடித்து, சாப்பாட்டு நேரத்தில் ரசிகர்கள் எழுதுவதையெல்லாம் படிக்கிறேன். ஒருவன் "இது கம்ப்யூட்டர் குரல், ஏமாத்துறாங்க" என்கிறான். இன்னொருவன், "ரெண்டாவது பாட்டுல மூக்கை உறிஞ்சுறாரே, எந்தக் கம்ப்யூட்டருக்குடா ஜலதோஷம் பிடிக்கும்?" என்று அவன் வாயை அடைத்துவிட்டான். சோறு புரையேறும் அளவுக்குச் சிரித்தேன். ஒரு பெண் மட்டும், "செத்தவர் அலமாரியைக் குடையுறீங்களே, பிடிச்சிருந்தா அவரே வெளியிட்டிருக்க மாட்டாரா?" என்று கேட்டிருந்தாள். அது சுருக்கென்றது.

பக்கத்து வீட்டுப் பெண் தன் போனில் 'அப்பாவின் செருப்பு' பாட்டில் ஒரு துண்டை அம்மாவுக்குப் போட்டுக் காட்டியிருக்கிறாள். அம்மா தினமும் அதையே கேட்கிறாள். "அப்பன் மேல உயிரையே வச்சிருந்தான், சமயத்துக்கு வர முடியாமப் போச்சே" என்கிறாள்.

ஒருநாள் வீட்டுக்கு வா. பழசையெல்லாம் விட்டுவிடலாம்.

அன்புடன்,
அக்கா

ஏப்ரல் 9

நேற்றுக் கடைக்கு ஒரு கல்லூரி மாணவி வந்தாள். சட்டையில் 'நான் இல்லன்னு சொல்லு' என்று அச்சடித்திருந்தது. என்னம்மா இது என்று கேட்டேன்.

"உளியோட டயலாக்குக்கா! பதினொன்னாவது பாட்டு ஆரம்பத்துல வரும். வீட்லருந்து போன் மேல போன் வருது, மனுஷன் அசையணுமே! கெத்து!" என்றவள், அங்கேயே போட்டும் காட்டினாள்.

போன் அதிர்கிறது. "வீட்லருந்து. அடிக்கட்டும், இந்த வரி முடியட்டும்" என்று அவன். "மூணாவது தடவைடா, எடு" என்று நீங்கள். "நீ எடு. ஸ்பீக்கர்ல போடு. நான் இல்லன்னு சொல்லு."

அப்புறம் நான். "தம்பி, கொஞ்சம் கூப்பிடுங்க தம்பி, அப்பா கேட்டுக்கிட்டே இருக்காரு."

"இந்தப் பொம்பளை அழுறாங்கல்ல, அதை வச்சுத்தான் எல்லாரும் ரீமிக்ஸ் போடுறாங்க. செமயா இருக்கும்" என்று சிரித்தாள். நான் அவள் கண்ணாடியின் திருகை முடுக்கி, துடைத்து, மூக்கில் பொருத்திப் பார்த்து அனுப்பிவைத்தேன்.

அவன் அங்கே நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான். அதற்குப் பிறகு என்ன செய்தான்? அதை மட்டும் எழுதுங்கள்.

ஏப்ரல் 15

அக்கா,

கேட்டுவிட்டீர்கள், சொல்கிறேன். போனை வைத்ததும் பாடினான். அம்மா தினமும் கேட்கிற அந்தப் பாட்டைத்தான். காலையிலிருந்து பதின்மூன்று தடவை பாடியும் வராத உடைந்த குரல் உங்கள் அழுகையைக் கேட்டதும் வந்துவிட்டது. "அக்கா அழுதது அப்படியே நெஞ்சுல நிக்குது, ஆறிப் போறதுக்குள்ள ரெக்கார்டைப் போடு" என்றான். ரசிகர்கள் கண்ணீர் விடுவது அந்தப் பதினான்காவது தடவைக்குத்தான்.

பாடி முடித்தபோது மணி மூன்று நாற்பது. இங்கிருந்து ஆஸ்பத்திரி இருபது நிமிடம். கிளம்புடா என்றேன். "அக்கா எல்லாத்துக்கும் பதறும். ஒரு தடவை போட்டுக் கேட்டுட்டுப் போறேன்" என்றான். ஆறு தடவை கேட்டான். செய்தி வந்த பிறகு காலைவரை சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். "நீ வாயைத் திறக்காதே, அக்கா தாங்காது" என்று சத்தியம் வாங்கினான். அந்தப் பாட்டை வெளியிடவே கூடாது என்றும் சொன்னான்.

நான் வாயைத் திறக்கவில்லை. இரண்டு வருடம் முன்னால் அவனைத் தூக்கிக்கொண்டு போனபோதும் உங்கள் தெருமுனையில் டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் நின்று பார்த்தேன். வெட்டுகிறேன் என்றேன், வேண்டாம் என்றீர்கள். வந்து கேளுங்கள் என்றேன், டீயும் வேண்டாம் என்றீர்கள். உண்மையைச் சொல்கிறேன், அந்தக் கடிதத்தைப் படித்தபோது எனக்கு வருத்தமாக இல்லை. சந்தோஷமாக இருந்தது.

ஒலிப்பதிவுக்காரன்

ஏப்ரல் 24

தம்பி,

உன் காலில் விழுவதாக நினைத்துக்கொள். ஊரில் ஓடுவது ஓடட்டும், என் அழுகைக்கு யார் வேண்டுமானாலும் ஆடிக்கொள்ளட்டும். அம்மா பாட்டை முழுசாகக் கேட்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். பக்கத்து வீட்டுப் பெண் தானே போட்டுக் காட்டுகிறேன் என்கிறாள். எத்தனை நாள் தடுப்பேன்? ஆரம்பத்தை வெட்டிவிட்டு ஒரு சிடி அனுப்பு. அம்மா சாகும்வரை அவன் நல்ல பிள்ளையாக இருந்துவிட்டுப் போகட்டும்.

நீயும் அன்றைக்கே அவன் கையில் போனைத் திணித்திருக்கலாம். சரி, நடந்தது நடந்துவிட்டது.

அக்கா

மே 2

அக்கா,

சிடி இத்துடன் இருக்கிறது. நீங்கள் சொன்னபடி கத்தரிக்கோலை எடுத்தேன், என் குரலை மட்டும் வெட்டினேன். உங்கள் குடும்பத்துக்காகப் பொய் சொன்ன குரல் அது, இனி உங்கள் வீட்டில் அது கேட்க வேண்டாம். மீதி இருப்பது நீங்களும் உங்கள் தம்பியும்தான். அதில் கை வைக்க எனக்கு உரிமை கிடையாது, சிவப்பு மையில் எழுதியிருக்கிறது.

நடந்தது நடந்துவிட்டது.

ஒலிப்பதிவுக்காரன்

மே 11

கவர் வந்தபோது அம்மா அவசரப்படுத்தினாள். கடிதத்தை அப்புறம் படித்துக்கொள்ளலாம் என்று சிடியைப் போட்டுவிட்டேன். நீ ஏமாற்றுவாய் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அணைக்கப் போனேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். முழுவதும் கேட்டாள். முடிந்ததும், "அப்ப சின்னவன் அங்கதான் இருந்தானா?" என்றாள். ஆமாம் என்றேன். "நீ இப்படியா அழுதே?" என்றாள். அதற்கும் ஆமாம் என்றேன். அதோடு பாட்டுப் பேச்சே இல்லை. சிடியை எங்கே போட்டாள் என்றும் தெரியவில்லை.

நேற்று நீங்கள் போன் செய்தீர்கள். எதற்கென்று தெரியாது, மன்னிப்புக் கேட்கவாக இருக்கலாம். மூன்று தடவை அடித்தது. போன் அம்மாவின் மடியில்தான் கிடந்தது. அவளுக்குப் பேர் படிக்க முடியாது, யாரென்று நான் சொன்னேன். போனை என் பக்கம் நீட்டினாள். அவனுடைய அதே இழுப்போடு சொன்னாள்.

"நீ எடு. நான் இல்லன்னு சொல்லு."

நான் எடுக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். அம்மா இல்லை. நானும் இல்லை.